சடங்கு வாரத்து இறைச்சிச் சோஸ்

மே 29, வியாழன்

கிளினிக். முப்பத்தொரு வாரம். என் பெண்சாதி தனுவின் நிறை 43.2 கிலோ. போன மாதத்தைவிட ஒரு கிலோ குறைவு. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு நிறை கூட வேண்டும், இவளுக்குக் குறைகிறது. இதை எனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் மிட்வைஃப் மிஸ் மூன்று தரம் விளக்கினா.

ஸ்கேனில் பிள்ளை 1.3 கிலோ.

"சின்னன்தான். ரெண்டு கிழமை பாப்பம். கூடாட்டி வாட்டில போடுவம்" என்றா. பிறகு தனுவின் அம்மாவை, என் மாமியைப் பார்த்து, "சாப்பாட்டைக் கவனிங்கம்மா."

ஆட்டோவில் ஏறின பிறகு மாமி சொன்னா: "நான் சமைக்காமலா இருக்கன்?"

சமைக்கிறா. பிரச்சினை அதுதான். தாளிச்ச மணம், தேங்காய்ப்பால், மீன், இந்த மூன்றில் எது அடுப்பில் ஏறினாலும் தனு குமட்டிச் சத்தி எடுக்கிறாள். மூன்றும் இல்லாமல் ஆரையம்பதியில் எந்த வீட்டில் அடுப்பு எரியுது?

மே 30, வெள்ளி

காலை: கிறீம் கிராக்கர் இரண்டு. மத்தியானம்: நாலு வாய் சோறு, வெளியே வந்துவிட்டது. பின்னேரம்: இளநீர். இரவு: இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்குத்தான் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டாள். போன வருசம் பாசிக்குடா ஹோட்டலில் குளிர் அறை திருத்தப் போனபோது இவளையும் கூட்டிப் போனேன். அங்கே சமைக்கிற மதுஷன் ஒரு பாஸ்டா தந்தான், சிவப்பு இறைச்சிச் சோஸ் போட்டு.

"அது மட்டும் நினைச்சா ஓங்காளிக்குதில்ல" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் சரி. அதில் தேங்காய் இல்லை, கறிவேப்பிலை இல்லை, தூள் இல்லை. இவ்வளவு நாளும் எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மதுஷனுக்குக் கோல் எடுத்தேன். வெங்காயம், கரட், செலறி மூன்றையும் பொடியாக வெட்டி, மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம். பிறகு கொத்தின இறைச்சி. கொஞ்சம் பால், அது வற்றின பிறகு தக்காளி. பிறகு மூன்றரை மணித்தியாலம்.

"மூண்டரையா? குக்கர்ல போட்டா?"

"குக்கர்ல போட்டா அது இறைச்சிக் கஞ்சி. டேய், குமிழி ஒண்டு வந்து உடையோணும். நீ ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணோணும். மறுகாதான் அடுத்தது வரோணும். அவ்வளவு நெருப்புத்தான். உன்னால ஏலாது, உனக்குத் தேத்தண்ணி கொதிக்கவே பொறுமையில்ல."

ஜூன் 2, திங்கள்

குக்கரில் போட்டேன். முப்பத்தைந்து நிமிசம். மதுஷன் சொன்னது சரி, இறைச்சிக் கஞ்சி. மேலே மஞ்சளாகக் கொழுப்பு, கீழே தண்ணி. தனு ஒரு வாய் வைத்தாள். அவ்வளவுதான், கிணற்றடிக்கு ஓடிவிட்டாள்.

முதலே மூன்றரை மணித்தியாலம் நின்றிருந்தால்? எனக்கே என்னில் கோபம்.

ஜூன் 3, செவ்வாய்

வருசச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்தாச்சு. இனித் திங்கட்கிழமை, அம்மனைக் குளிர வைக்கிற கடைசி நாள் குளிர்த்தி முடியும் வரை வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் நாளைக் கணக்குப் பார்க்கவில்லை. விடிய எழும்பினால் குக்கர் வீட்டு வளவின் வேலி மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. மாமி பிரிட்ஜை மஞ்சள் தண்ணி போட்டுத் துடைத்துக்கொண்டு நிற்கிறா.

"மாமி, அவ சாப்பிடுறதே இல்ல. அவளுக்கு மட்டும் விட்டா என்ன?"

"ஏழு நாள் மருமகன். ஏழு நாளையில என்ன குறையப் போகுது?"

ஏழு நாளில் வயிற்றுப் பிள்ளை இருநூறு கிராம் கூட வேண்டும். அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. மாமி துணியைப் பிழிந்தா. "என்ட மூத்தவன் ஆறு வயசில சடங்கு நேரம் அம்மாள் வருத்தத்தில போனவன். அந்த முறை எங்கட வீட்டில கருவாடு சுட்டது. உங்களுக்குக் கிராம் தெரியும். எனக்கு இது தெரியும்."

அது அம்மை, வைரஸ் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வீடு தனுவின் சீதன வீடு, மாமி கட்டினது. நான் கொக்கட்டிச்சோலையிலிருந்து கலியாணம் முடித்து வந்து ஏறினவன். இங்கே நான் எதை எவ்வளவு சத்தமாகச் சொல்லலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

வேலைக்குப் போன இடத்தில் கத்தினேன். கல்முனைப் பக்கம் ஒரு கடை. குளிர் அறை குளிராக்குதில்லை என்று கோல் எடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க இரண்டு குழம்புச் சட்டி உள்ளே. "ஆறவிட்டு வையுங்கடாப்பா! மெசினுக்கு என்ன மந்திரமா தெரியும்?"

வான் வண்டியில் வரும்போது நௌஷாட் சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் குளிரூட்டி வேலை படித்தோம், ஒரே கொம்பனி வான்தான் ஓட்டுகிறோம்.

"நீ சட்டிக்காரனுக்கு ஏசல்ல ரதீஸ். வேற ஆருக்கோ ஏசுற."

சொன்னேன். எல்லாவற்றையும். இன்றைக்குத் தனு வயிற்றுக்குள் பிள்ளை அசைகிற துடிப்பை எண்ணினதையும் சொன்னேன். காலையில் பத்துத் தரம் வர வேண்டும். ஆறு.

"சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். எங்கட வீட்ட ஆடு அறுத்துக் குடுக்கிறம், மாடில்ல. வா. உம்மாட அடுப்பில வச்சுச் செய். எங்கட வீட்டுக்குச் சடங்குமில்ல, உன்ட மாமியுமில்ல."

ஜூன் 6, வெள்ளி

துடிப்பு எட்டு. எனக்குக் கையில் வேலை ஓடவில்லை.

ஜூன் 7, சனி

பதினொன்றுக்குக் காத்தான்குடி. வீடு முழுக்கச் சனம். முற்றத்தில் இறைச்சியைப் பங்கு போட்டு, பை பையாகக் கட்டி, வாசலுக்கு வாறவர்களுக்குக் குடுத்துக்கொண்டிருந்தார்கள். நௌஷாட்டின் உம்மா, ஆமினா உம்மா, எனக்குப் பின் அடுப்பை விட்டுத்தந்தா. இரண்டு கிலோ தொடை இறைச்சி. கத்தியால் கொத்தினேன். மெசினில் அரைத்தால் மாவாகிவிடும் என்று மதுஷன் சொல்லியிருந்தான்.

12.10 வெங்காயம், கரட், செலறி. 12.45 இறைச்சி. 1.05 பால். 1.20 தக்காளி. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: 94. ஒரு குமிழி. ஒன்று, இரண்டு. அடுத்த குமிழி.

ஆமினா உம்மா வந்து எட்டிப் பார்த்தா. "என்ன வாப்பா, கறிக்குக் காய்ச்சலா? காய்ச்சல் பாக்கிற குழாய் வச்சிருக்கீங்க."

"சூடு கூடக்கூடாது உம்மா."

"மிளகாய்த் தூள் ஒள்ளுப்பம் போட்டாத்தான் என்ன? வெளிறிப் போய்க் கிடக்கு."

"போட்டா அவ சத்தி எடுப்பா."

அதோடு ஆமினா உம்மா பகிடி பண்ணுறதை விட்டா. முக்காலியை இழுத்துப் பக்கத்தில் இருந்தா. "எத்தினை மாசம்?" என்றா. ஏழரை என்றேன். நான் எழும்பின நேரமெல்லாம் அவதான் கிண்டினா.

இரண்டு மணிக்கு அது தண்ணி. மூன்றுக்குத் தண்ணிதான். நெருப்பைக் கூட்டக் கை போனது. கூட்டவில்லை. மூன்றரைக்கு ஒரு மாற்றம். இறைச்சியும் தக்காளியும் வேறு வேறாகத் தெரியவில்லை, நிறம் செங்கல் மாதிரி, மணம் இனிப்பும் உப்புமாக. நாலு ஐம்பதுக்கு அகப்பையால் கோடு கீறினால் சட்டியின் அடி தெரிந்து மெதுவாக மூடுகிறது. என் வாழ்க்கையில் ஒரு சட்டிக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

ஒரு கோப்பை அவர்களுக்கு ஊற்றி வைத்தேன். மிச்சம் நாலு கிலோ. எங்கே வைப்பது? எங்கள் பிரிட்ஜ் நினைக்கவே ஏலாது. இவர்களுடைய இரண்டு பிரிட்ஜும் பெருநாள் இறைச்சியால் அடைத்துக் கிடக்கிறது. வானில் மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்று இருந்தது. ஒன்றரைக் கிலோ ஐஸ் வாங்கிப் போட்டு, சட்டியை மூடி, உள்ளே இறக்கினேன்.

"ஆறட்டும்டா. என்ன அவசரம்?" நௌஷாட்.

மாமி ஆறு மணிக்குக் கோயிலால் வந்துவிடுவா. அதுதான் அவசரம்.

வானை வளவுக்குள் பின்பக்கமாக விட்டேன். பாஸ்டா கோதுமைதானே, அதை வீட்டிலேயே அவித்தேன். தனு வானின் பின் சீட்டில் ஏறியிருந்தாள்.

"வானுக்குள்ள சாப்பிட்டா சடங்கு குழம்பாதோ?"

"வான் கொம்பனிட. கொம்பனிக்குச் சடங்கு இல்ல."

சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு. சோஸ் சுடச்சுட இருந்தது. ஒரு கோப்பை. இன்னும் அரைக் கோப்பை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஓடுவாள் என்று. ஓடவில்லை. அரை மணித்தியாலம் கழித்து என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைக்கிறது. தட்டுவதில்லை, உதைக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மாமி கோயிலுக்குப் போன பிறகு, மத்தியானம் ஒரு மணிக்கு, திரும்பவும் வானில். பெட்டியைத் திறந்தேன். ஐஸ் எல்லாம் தண்ணி. சோஸ் இன்னும் இளஞ்சூடு. நல்லதாய்ப் போச்சு, சூடாக்கத் தேவையில்லை, மணமும் வெளியே போகாது என்று நினைத்தேன். முழுக் கோப்பை சாப்பிட்டாள். துடிப்பு பதினொன்று.

பயம் கொஞ்சம் விட்டிருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரி நடையில், வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன்.

விடிய ஐந்துக்குத் தனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். வயிற்றாலடி. ஆறு தரம். பிறகு வேறு மாதிரி நோவு, பிரசவ நோ மாதிரி. வயிறு கல் மாதிரி இறுகி, விட்டு, திரும்ப இறுகுது. எட்டு நிமிசத்துக்கு ஒருக்கா. வானில் ஏற்றினேன். குளிர்த்தி நாள், றோட்டெல்லாம் பொங்கல் பானையோடு சனம். ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தேன். மாமி பின்னால் இருந்து "அம்மாளே, அம்மாளே" என்றபடி.

டொக்டர் கேட்டா: "நேத்து என்ன சாப்பிட்டவ?"

மாமி முந்திக்கொண்டா. "சோறு, பருப்பு, கத்தரிக்காய். சடங்கு வீடு டொக்டர், வேற ஒண்டும் உள்ளுக்கு வராது."

தனு என்னைப் பார்த்தாள். நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன். டொக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டா.

வாங்கில் வந்து இருந்தபோதுதான் கணக்கு வந்தது. நான் கேட்காமலே வந்தது. நாலு கிலோ சோஸ், 90 பாகை. ஒன்றரைக் கிலோ ஐஸ். இரண்டும் சேர்ந்து நிற்கிற இடம் முப்பத்தொன்பது. றெஜிபோம் குளிராக்காது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே போக விடாது, அவ்வளவுதான் அதன் வேலை. கிருமி வளர்க்க ஆய்வுகூடத்தில் வைக்கிற சூடு 37. நான் இறைச்சியை இருபது மணித்தியாலம் கிருமிப் பெட்டியில் வைத்து என் பெண்சாதிக்குக் குடுத்திருக்கிறேன். நான். கல்முனைக் கடைக்காரனுக்குக் கத்தினவன். கையை வைத்துப் பார்த்து இளஞ்சூடு, நல்லது என்று நினைத்தவன்.

சொன்னால் மாமிக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? தெரியாது. பதினைந்து நிமிசம் இருந்தேன். இருபது. வாட்டுக்குள்ளிருந்து தனு கத்தின சத்தம் கேட்டது.

எழும்பிப் போய், எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். "டொக்டர், அவ இறைச்சி சாப்பிட்டவ. நேத்து ஒரு மணிக்கு. முதல் நாள் சமைச்சது. இருபது மணித்தியாலம் சூட்டில கிடந்தது. நான்தான் குடுத்தனான்."

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"குளிரூட்டி மெக்கானிக்."

பேனையைப் பிடித்தபடி என்னை ஒரு தரம் பார்த்தா. பிறகு நர்ஸுக்கு விறுவிறு என்று ஏதேதோ சொன்னா. இரண்டாவது சேலைன். மலம் சோதனைக்கு. பிள்ளையின் சுவாசப்பைக்கு ஊசி. "நோ நிக்காட்டி பிள்ள இப்பவே வந்திரும். ஆயத்தமா இருக்கோணும்."

மாமி என்னிடம் வந்தா.

"எப்பிடி வீட்டுக்குள்ள வந்தது?"

"வீட்டுக்குள்ள வரல்ல மாமி. வானில."

"வான் எங்க நிண்டது?"

"...வளவுக்குள்ள."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. வாங்கு இருக்கிறது, நிலத்தில். பிறகு எழும்பிச் சீலையைச் சரிப்படுத்தினா. "நீ செய்ததுக்கு நான் போய் அம்மாள்ட காலில விழோணும்." இரண்டு வருசத்தில் என்னை நீ என்று சொன்னது இதுதான் முதல் தரம். நடந்து போய்விட்டா.

ஜூன் 10, செவ்வாய்

வயிற்றாலடி நின்றுவிட்டது. நோ நிற்கவில்லை, இருபது நிமிசத்துக்கு ஒருக்கா. மாமி குளிர்த்தித் தீர்த்தம் கொண்டு வந்து தனுவின் தலையில் தெளித்தா. வயிற்றிலும். என்னைத் தாண்டிப் போனா, தூணைத் தாண்டுகிற மாதிரி.

பெட்டியைச் சட்டியோடு குப்பையில் போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கி இறங்கி ஏறுது. கடதாசியில் அந்தக் கோட்டைப் பார்க்க ஏலாமல் இருக்குது.

ஜூன் 13, வெள்ளி

ஒப்பரேசன். காலை 10.25. பொம்பிளைப் பிள்ளை. 1.46 கிலோ. அழுதது, ஒரு தரம். எனக்குக் காட்டினார்கள், மூன்று செக்கன் இருக்கும். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

டொக்டரிடம் நேரே கேட்டேன். "என்ட சாப்பாட்டாலயா?"

"சொல்ல ஏலாது. பிள்ள முதலே சின்னன். நஞ்சுக்கொடியும் நல்லா இல்ல. அதாலயும் இருக்கலாம். வயித்தாலடியில நீர் குறைஞ்சு நோ வந்ததாலயும் இருக்கலாம்."

"நூத்துக்கு எத்தினை வீதம்?"

"இதுக்கெல்லாம் வீதம் இல்ல தம்பி."

நௌஷாட் வந்தான். அவர்கள் அந்தக் கோப்பைச் சோஸை அன்றைக்குப் பின்னேரமே சாப்பிட்டு முடித்தார்களாம், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆறுதலுக்குச் சொன்னான். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அப்படியென்றால் சட்டியில் பிழையில்லை, நெருப்பில் பிழையில்லை. பெட்டியில்தான்.

மாமி அம்மன் என்கிறா. நான் கிருமி என்கிறேன். யார் செய்தது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஜூன் 18, புதன்

1.39. பிறந்த பிள்ளைக்கு முதலில் நிறை குறையும், அது சாதாரணம் என்கிறார்கள். எனக்கு எதுவும் சாதாரணமாகப் படவில்லை.

தனுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானும்தானே வானில ஏறின" என்றாள். பிறகு, "அது நல்லா இருந்தது" என்றாள். பிறகு மற்றப் பக்கம் கிறுகிப் படுத்து அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 21, சனி

பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போதே. நெஞ்சு ஏறவில்லை. மெசின் கத்தினது. நர்ஸ் வந்து உள்ளங்காலில் சுண்டினா, திரும்ப எடுத்தது. "இந்த வயசுப் பிள்ளைகள் மறந்து போறவங்க" என்றா. மூச்சு விட மறக்கிறதா? பக்கத்தில் மாமி நின்றா. இரண்டு பேரும் கண்ணாடியைப் பிடித்திருந்தோம். என் விரல் கண்ணாடியில் விட்ட ஈரத் தடத்தை அவ பார்த்தா. நானும் அவவுடையதைப் பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

1.47.

ஜூன் 26, வியாழன்

தனுவுக்குக் காய்ச்சல். வெட்டின காயம் பழுத்திருக்கிறது. பிள்ளையின் அறைக்குள் அவளை விடமாட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

1.62. தனுவின் காய்ச்சல் குறைந்திருக்கிறது, இன்னும் விடவில்லை.

காலையில் நர்ஸ் வெளியே வந்தா. பிள்ளையை யாராவது தோலோடு தோலாக நெஞ்சில் வைத்திருக்க வேண்டுமாம், ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலமாவது. தாய் வர ஏலாதுதானே. "அம்மம்மா, நீங்க வாறீங்களா?"

இந்தப் பதினெட்டு நாளும் மாமி அந்தக் கண்ணாடியடியில் நின்றது இதற்குத்தான். நான் வழி விட்டு ஒதுங்கினேன்.

"எனக்கு வேணாம்" என்றா மாமி. "அவனைக் கூப்பிடுங்க. அவன்தான் என்னையும் விடக் கூடப் பயந்து போய் நிக்கான்."

சேட்டைக் கழற்றி, கை கழுவி, சாய்ந்த கதிரையில் இருந்தேன். வயர்களோடு தூக்கி வைத்தார்கள். நிறையே இல்லை. ஒரு பக்கக் கன்னம் என் நெஞ்சில், வாய் கொஞ்சம் திறந்தபடி. நான் மூச்சை எவ்வளவு விடலாம் என்று தெரியாமல் பாதி பாதியாக விட்டேன். மூக்கு கடித்தது, சொறியவில்லை. கால் விறைத்தது, அசைக்கவில்லை. ஒரு தரம் அதன் மூச்சு நிற்கிற மாதிரி இருந்தது. விரலை முதுகில் வைத்தேன். எடுத்தது.

பத்தரைக்கு நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றா. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் மாமி கையைக் காட்டினா, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று. யாரிடம் காட்டினா என்று தெரியவில்லை. நர்ஸிடமா, என்னிடமா?

நான் எழும்பவில்லை.